ஒப்பிடுதலும் ஒப்புநோக்குதலும்

“சித்தன்னவாசல் ஓவியங்களை அஜந்தா ஓவியங்களுடன் ஒப்பிடலாம்” என்னும் தொடரை ஆங்கிலத்தில் எழுதுமாறு புதுக்கோட்டை மாணவர் ஒருவரிடம் கூறினால், ‘கம்பேர்’ என்னும் வினை வரையில் அவர் தடையின்றி வந்துவிடுவார். அதன்பின் ‘டு’ என எழுதுவதா, ‘வித்’ என எழுதுவதா என்னுமிடத்தில் எழுதுகோல் நின்றுவிடும். பலர் செவிக்குப் பழகியதை எழுதிவிட்டு அப்பாற் செல்வர். ஆனால் தொடரின் பொருளையே மாற்றிவிடும் ஆற்றல் அச்சிறு சொற்களுக்கு உண்டு.

இத்தடுமாற்றத்தின் காரணம் நம் மொழிவழக்கிலேயே உள்ளது. ‘ஒப்பிடுதல்’ என்ற ஒரு சொல்லால் நாம் இரண்டு செயல்களைக் குறிக்கின்றோம். முகத்தைத் திங்களுடன் ஒப்பிடுகின்றோம். இவ்வாண்டு விளைச்சலைச் சென்ற ஆண்டு விளைச்சலுடனும் ஒப்பிடுகின்றோம். முன்னது உவமித்தல். இனத்தால் வேறான இரண்டினுள் ஓர் ஒற்றுமையைக் கண்டு கூறுவதோடு அது முடிந்துவிடும். திங்களில் உள்ள களங்கம் முகத்திலும் உண்டோ என்று அங்கே எவரும் வினவுவதில்லை. பின்னது ஒப்புநோக்குதல். ஓரினப் பொருள்கள் இரண்டினை அருகருகே வைத்து, ஒத்தனவற்றையும் ஒவ்வாதனவற்றையும் ஆராய்வது அது. முன்னதற்குக் ‘கம்பேர் டு’ என்றும், பின்னதற்குக் ‘கம்பேர் வித்’ என்றும் எழுதுவது ஆங்கில மரபு.

இனிச் சித்தன்னவாசலுக்கு வருவோம். ‘டு’ என்று எழுதினால், இது அஜந்தாவைப் போன்றது என்று புகழ்ந்ததாகும். புகழ்ச்சி தவறன்று, ஆயினும் ஆராய்ச்சி அங்கேயே நின்றுவிடும். ‘வித்’ என்று எழுதினாலோ, வேற்றுமையையும் சொல்லும் கடமை நமக்கு வந்துவிடுகின்றது. அஜந்தா பௌத்தர்களுடையது, சித்தன்னவாசல் சமணர்களுடையது. அங்கே புத்தரின் முற்பிறவிக் கதைகள் சுவர்களை நிறைத்துள்ளன. இங்கே விதானத்தில் தாமரைப் பொய்கையும், மீனும், யானையும், மலர் கொய்யும் அடியாரும் காணப்படுகின்றனர். காலமும் ஒன்றன்று. சித்தன்னவாசல் ஓவியங்கள் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தவை என்றே முன்னர் அறிஞர் கருதினர். பாண்டியன் சீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் சமண ஆசிரியர் இக்கோயிலைப் புதுப்பித்தார் என்பதை அங்குள்ள கல்வெட்டு தெரிவித்தபின், அவை ஒன்பதாம் நூற்றாண்டின என்ற கருத்து வலுப்பெற்றது. அஜந்தாவின் ஓவியப்பணியோ ஐந்தாம் நூற்றாண்டோடு ஓய்ந்தது என்பர். இவ்வளவும் ‘வித்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கும்.

இக்காலத்து நல்ல எழுத்தாளர் பலர் ‘கம்பேர்ட் டு’ என்பதை இரு பொருளிலும் வழங்குகின்றனர் என்பதையும் மறைப்பதற்கில்லை. அதனைப் பிழையென்று அடித்துவிடுதல் கூடாது. எனினும் மாணவர் இவ்வேறுபாட்டை அறிந்திருப்பது நன்று.

மற்றொரு தடுமாற்றம் ‘மூத்தவர்’ என்பதை மொழிபெயர்க்குங்கால் நேர்கின்றது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தார். தீரர் சத்தியமூர்த்தி திருமயத்தில் 1887-இல் பிறந்தார். முன்னவர் பின்னவரினும் மூத்தவர் என்பதை ‘எல்டர் தேன்’ என்று எழுதுவோர் உளர். ‘எல்டர்’ என்பது பெரும்பாலும் ஒரே குடும்பத்தாரின் மூப்பைக் குறிப்பது. ‘எல்டர் சிஸ்டர்’ என்றாற்போலப் பெயருக்கு முன் நிற்கும். ‘தேன்’ என்பதை ஏற்காது. இங்கு ‘ஓல்டர் தேன்’ என்பதே வேண்டும். (இந்தத் ‘தேன்’ நாம் உண்ணும் தேனன்று, ‘விட’ என்னும் பொருளது. ‘பின்னர்’ எனப் பொருள்படும் ‘தென்’ வேறு. விடைத்தாள்களில் இவ்விரண்டும் அடிக்கடி இடம் மாறிக் கிடக்கும்.)

‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுபீரியர்’, ‘இன்பீரியர்’, ‘பிரையர்’ என்பன இலத்தீன் மொழியிலிருந்து வந்தவை. ‘மேலும்’ என்னும் ஒப்புமைப் பொருள் அவற்றின் ஈற்றிலேயே அடங்கியிருப்பதால் ‘மோர்’ என்பதை முன்னே சேர்த்தல் மிகை. பின்னேயும் ‘டு’ வருமேயன்றித் ‘தேன்’ வாராது. ‘பிரிபர்’ என்னும் வினையும் அவ்வாறே. தமிழில் இவை அனைத்திற்கும் ‘விட’ என்பதே போதுமாதலால், நம்மவர் எங்கும் ‘தேன்’ தெளித்துவிடுகின்றனர்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் 1948 மார்ச் 3-இல் இந்திய ஒன்றியத்துடன் இணைந்து, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974 ஜனவரி 14-இல் தனி மாவட்டமாயிற்று. ‘1974-க்கு முன்’ என்பதைப் ‘பிரையர் டு’ என்று தொடங்கி எழுதலாம், இலக்கணம் தடுக்காது. ஆனால் ‘பிபோர்’ என்ற எளிய சொல் கையருகே இருக்க, அதனை ஏன் நாடவேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.