வளாகத்து அரங்கும் மக்கள் கலையும்: பேராதனை தரும் படிப்பினை

பல்கலைக்கழகம் என்றதும் விரிவுரை மண்டபம், நூலகம், ஆய்வுகூடம் ஆகியனவே பலர் மனத்தில் தோன்றுவன. மாலை வேளைகளில் அங்கு நிகழும் நாடகம், கூத்து, திரைப்படக் காட்சி முதலியவற்றைப் படிப்பின் களைப்பைப் போக்கும் பொழுதுபோக்கு என்று கொள்வாரே மிகுதி. ஆயின், ஈழத்து நாடக வரலாற்றை நோக்குவோர் அதன் திருப்புமுனைகள் சில இத்தகைய மாலை நிகழ்ச்சிகளோடு நெருங்கிய தொடர்புடையன என்பதைக் காண்பர். கண்டி நகரிலிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர் தொலைவில், அந்தனை மலைச்சாரலுக்கும் மகாவலி ஆற்றுக்கும் இடையே அமைந்த பேராதனை வளாகம் இதற்குத் தக்க சான்றாகும். மக்கள் கலையொன்று வளாகத்துள் வரும்போது அதற்கு நேர்வது யாது? அது மீண்டும் மக்களிடம் செல்வது எவ்வாறு? கூத்துக்குக் கிட்டிய பேறு திரைப்படத்துக்கு ஏன் கிட்டவில்லை? இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகின்றோம்.

அரங்கின் தோற்றம்

இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் கொழும்பில் நிறுவப்பெற்றது. முதல் துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ் காலத்திலேயே, 1952இல், அது பேராதனைக்கு இடம்பெயரத் தொடங்கியது. மாணவர் விடுதிகளில் தங்கிப் படிக்கும் முறை இங்கு ஏற்பட்டமையால், மாலைப் பொழுதும் இரவும் பல்கலைக்கழக வாழ்வின் பகுதிகளாயின. நகரத்துப் படமாளிகைக்குச் செல்லுதல் எல்லோருக்கும் எப்போதும் இயலாத நிலையில், மாணவர் சங்கங்களே கலை நிகழ்ச்சிகளை நடத்தும் பொறுப்பை ஏற்க வேண்டியதாயிற்று.

வளாகத்துள் மலைச்சரிவின் இயற்கையான பள்ளத்தைப் பயன்படுத்தி அமைக்கப்பட்ட திறந்தவெளி அரங்கு இவ்வகையில் தனிச் சிறப்புடையது. சிங்கள மாணவர் இதனை 'வல' என்பர். பள்ளம் என்பதே அச்சொல்லின் பொருள். பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'சிங்கபாகு' 1961இல் இவ்வரங்கிலேயே முதன்முதலாக மேடையேறியது. பின்னாளில் அரங்கும் அவர் பெயரையே பெற்றது. சரிவில் ஒருவர்பின் ஒருவராக அமர்ந்து, மரநிழலும் வானமுமே கூரையாகக் காணும் இவ்வமைப்பில், விரிவுரையாளரும் மாணவரும் அயலூராரும் ஒரே தரையில் அமர்கின்றனர். வளாகத்து நிகழ்ச்சி பொது நிகழ்ச்சியாவதற்கு அரங்கின் அமைப்பே துணை செய்தமை ஈண்டு நோக்கத்தக்கது.

சரச்சந்திர அவர்களது 'மனமே' 1956 நவம்பர் 3ஆம் நாள் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் அரங்கேறியது. ஆயினும் அதனை ஆக்கியோரும் நடித்தோரும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையோரே. அந்நாடகத்தின் ஆடல், பாடல், எடுத்துரைப்பு முறை ஆகியன சிங்கள 'நாடகம' மரபைத் தழுவியன. அந்த மரபு இலங்கையின் கரையோரங்களில் வழங்கிய தமிழ் நாட்டுக்கூத்தின் வழி வந்தது என்பதை ஆய்வாளர் ஏற்றுள்ளனர். சிங்கள நவீன அரங்கு தன் வேரைத் தேடிச் சென்றபோது தமிழ்க் கூத்தைக் கண்டது. தமிழரோ அக்காலத்தில் அக்கூத்தைப் படியாதார் கலை என்று ஒதுக்கியிருந்தனர். இந்த முரண்பாடு பேராதனைத் தமிழ்த்துறையினரைச் சிந்திக்கத் தூண்டியது எனலாம்.

கூத்து வளாகத்துள் வந்த வரலாறு

பல்கலைக்கழகத் தமிழ் நாடகம் கூத்தோடு தொடங்கியதன்று. பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கிலே நாடகங்களை எழுதி, 1940இல் 'நானாடகம்' என்னும் தொகுதியை வெளியிட்டார். அவர்தம் நாடகங்களைத் தமிழ்ச் சங்கத்து மாணவர் நடிக்க, பேராசிரியர் சு. வித்தியானந்தன் நெறிப்படுத்தி மேடையேற்றினார். வீட்டிலும் வீதியிலும் வழங்கும் மொழி அறிஞர் அவைக்கு உரியதே என்பதை இம்முயற்சிகள் நிலைநாட்டின.

கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய வித்தியானந்தன், ஊர்தோறும் சென்று கூத்துகளைக் கண்டு, அண்ணாவிமாரைச் சிறப்பித்து, ஏட்டிலும் கையெழுத்திலும் கிடந்த கூத்து நூல்களைப் பதிப்பித்தார். 1962இல் 'அலங்காரரூபன் நாடகம்', 1964இல் 'என்றிக் எம்பரதோர் நாடகம்', 1966இல் 'மூவிராசர் நாடகம்' முதலியன அச்சேறின. இப்பணியோடு ஒருங்கே, பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்', 1963இல் 'நொண்டி நாடகம்', 1964இல் 'இராவணேசன்', 1967இல் 'வாலிவதை' ஆகியவற்றைத் தயாரித்தார். மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார் மாணவர்க்கு ஆட்டமும் தாளமும் பயிற்றினார். பட்டம் பெறாத அண்ணாவியார் ஆசிரியராகவும், பட்டத்துக்குப் படிப்போர் அவர்தம் மாணவராகவும் அமைந்த இந்நிகழ்ச்சி, பல்கலைக்கழகம் என்பதன் பொருளையே விரித்தது என்று கூறுதல் மிகையாகாது.

இனி, வளாகத்துள் வந்த கூத்து அடைந்த மாற்றங்களை நோக்குவோம். ஊரில் கூத்து வட்டக்களரியில் நிகழ்வது. பார்வையாளர் நாற்புறமும் சூழ்ந்திருப்பர். ஆட்டம் இரவு தொடங்கி விடியும்வரை நீளும். ஒவ்வொரு பாத்திரமும் வரவுத் தருவுக்கு ஆடித் தன் திறனைக் காட்டும். களரியில் முதன்முறை ஆடுவோனின் உறவினர் மகிழ்ந்து பரிசளிப்பதும் உண்டு. பல்கலைக்கழக மேடையோ ஒருபுறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடை. அங்கு கூத்து ஒன்றரை, இரண்டு மணித்தியாலங்களுள் அடங்க வேண்டியதாயிற்று. மீண்டும் மீண்டும் வரும் தருக்கள் குறைக்கப்பட்டன. ஒளியமைப்பும் ஒப்பனையும் செம்மை பெற்றன. உணர்ச்சி நடிப்புக்கு இடம் மிகுந்தது. போர்க்கதைகளைப் பெரிதும் ஆடும் வடமோடிக் கூத்திலே, 'இராவணேசன்' இராவணனின் அகப்போராட்டத்தைப் புலப்படுத்த முனைந்தது. இராவணனாக நடித்த சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றதோடு, அந்நாடகத்தைப் பல்லாண்டுகள் கழித்துப் புதிய தலைமுறை மாணவரைக் கொண்டு மீளவும் தயாரித்தார்.

இம்மாற்றங்களால் இழப்பு ஏதும் நேரவில்லை என்று நாம் கூற முற்படவில்லை. களரியைச் சூழ்ந்திருந்த ஊர், கூத்தைப் பார்ப்பதோடு அமையாது அதனை நடத்தவும் செய்தது. பணமும் உழைப்பும் அவ்வூருடையன. மேடைக்கு வந்தபோது ஊர் பார்வையாளராகச் சுருங்கியது. ஆயினும் பேராதனைக் கூத்துகள் வளாகத்தோடு நின்றுவிடவில்லை. அவை யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, கொழும்பு முதலிய இடங்களிலும் மேடையேறின. அவற்றில் ஆடியோர் ஆசிரியராகச் சென்ற பாடசாலைகளில் கூத்துப் பயிற்சி பரவியது. கிராமத்திலிருந்து பெற்றது கிராமத்துக்கே மீண்டது. தெரிவு, பயிற்சி, ஆய்வு, மீட்சி என்னும் இந்நான்கும் ஒருங்கே அமைந்தமையே கூத்து மறுமலர்ச்சியின் வெற்றிக்குக் காரணம் என்பது எமது கருத்து.

திரைப்படத்தின் நிலை

கூத்து வாய்த்த இந்த நான்கு நிலைகளுள் திரைப்படம் எவற்றைப் பெற்றது என்று இனிக் காண்போம். முதற் சிங்களப் பேசும்படமான 'கடவுனு பொறொந்துவ' 1947 ஜனவரியில் வெளிவந்தது. மேடை நாடகமொன்றைத் தழுவிய அதனைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். அது படமாக்கப்பட்டது தென்னிந்தியக் கலையகத்திலேயே. 'மனமே' அரங்கேறிய அதே 1956இல், லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் அவர்களின் 'ரேகாவ' கலையகச் சுவர்களைக் கடந்து கிராமத்து வெளியிலே படமாகி வந்தது. நாடகத்திலும் திரையிலும் சிங்களக் கலைஞர் ஒரே ஆண்டில் தம் மண்ணை நோக்கித் திரும்பினர். 1969இல் வெளிவந்த சுகதபால செனரத் யாப்பாவின் 'அந்தானே கதாவ' பேராதனை மாணவர் வாழ்வையே கதைப்பொருளாக்கியது. அந்தனை மலைச்சாரல் திரைப்படத்துக்கு நிலைக்களனாயிற்று.

ஈழத்துத் தமிழ்த் திரைப்படமோ 1962இல், 16 மில்லிமீற்றர்ப் படச்சுருளில் எடுக்கப்பட்ட 'சமுதாயம்' என்னும் படத்தோடு தளர்நடை பயின்றது. 1977இல் 'பொன்மணி' வெளிவந்தது. அதன் நெறியாளரான தர்மசேன பத்திராஜா 1943இல் கண்டியிற் பிறந்து, பேராதனையிற் பயின்று, யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். திரைக்கதையைக் காவலூர் இராசதுரை எழுதினார். சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை நெரிக்கும் நிலையை அது ஆரவாரமின்றிக் காட்டியது. ஆயினும் படமாளிகைகளில் அது வெற்றி பெறவில்லை. தென்னிந்தியப் படங்களின் பாட்டுக்கும் சண்டைக்கும் நீண்ட வசனத்துக்கும் பழகிய கண்களும் செவிகளும் அதன் மௌனத்தைக் குறையாகவே கொண்டன.

'இராவணேசன்' வரவேற்கப்பட்டமைக்கும் 'பொன்மணி' புறக்கணிக்கப்பட்டமைக்கும் உள்ள வேறுபாட்டைக் கலைஞர்தம் திறமையில் மட்டும் தேடுதல் பொருந்தாது. கூத்தைப் பார்ப்பதற்குரிய அவையோரை உருவாக்கப் பதிப்பு, மாநாடு, கட்டுரை, போட்டி எனப் பல துறைகளிலும் முன்னரே உழைப்பு நிகழ்ந்திருந்தது. தமிழ்த் திரைப்படத்துக்கு அத்தகைய அவையோரை எவரும் பரவலாக ஆயத்தம் செய்யவில்லை. வங்கத்தில் சத்தியஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பரோடு சேர்ந்து 1947இல் கல்கத்தாத் திரைப்படச் சங்கத்தை நிறுவினர். ராயின் முதற் படம் வெளிவந்தது எட்டாண்டுகள் கழித்து 1955இலாகும். இலண்டன் திரைப்படச் சங்கம் 1925இல் தோன்றி, 1929இல் ஐசன்ஸ்ரைனின் 'பொற்றெம்கின் போர்க்கப்பல்' படத்தைத் தன் உறுப்பினர்க்குக் காட்டியது. நல்ல படம் தோன்றுமுன் நல்ல பார்வை தோன்ற வேண்டும் என்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

காட்சியும் கருத்துரையும்

சங்கங்கள் நடத்திய படக்காட்சிகளில் 16 மில்லிமீற்றர்க் கருவியே பெரிதும் பயன்பட்டது. அது ஒருவர் தூக்கிச் செல்லத்தக்கது. விரிவுரை மண்டபத்தையும் ஒரு வெள்ளைத் துணியையும் கொண்டே காட்சியை நடத்தலாம். ஒரு வினாடிக்கு 24 படங்கள் வீதம் ஓடும்போது 400 அடிச் சுருள் ஏறக்குறைய 11 நிமிடமும், 1600 அடிச் சுருள் ஏறக்குறைய 44 நிமிடமும் நிற்கும். ஒரே கருவி இருக்குமிடத்தில், இரண்டு மணித்தியாலப் படத்துக்கு இடையில் இருமுறையேனும் விளக்கேற்றிச் சுருள் மாற்ற வேண்டும். இவ்விடைவேளையைப் பலர் குறையாகக் கருதினர். ஆனால் அந்தச் சில நிமிடங்களிலேதான் பக்கத்திலிருப்பவரோடு படத்தைப் பற்றிய பேச்சுத் தொடங்கும். இன்று எண்மக் கருவிகள் செலவையும் சுமையையும் பெரிதும் குறைத்துவிட்டன. எவரும் எப்படத்தையும் தம் கைபேசியிலேயே காணலாம். கிடைப்பதற்கரியதாயிருந்த படம் எளிதிற் கிடைக்கின்றது. எளிதிற் கிடைத்த உரையாடல் அரியதாகின்றது. ஆதலால் இன்று வளாகத்துத் திரைப்பட நிகழ்ச்சியின் பயன் படத்தைக் காட்டுவதைக் காட்டிலும், பலர் கூடிக் கண்டதைப் பற்றிப் பேசவைப்பதிலேயே பெரிதும் தங்கியுள்ளது.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. படத்தின் பின்னணியை விளக்கும் ஒரு பக்கக் குறிப்பு காட்சிக்கு முன்னரே வழங்கப்படலாம். காட்சி முடிந்ததும் அரைமணி நேரம் கலந்துரையாடலுக்கு ஒதுக்கப்படலாம். அதில் தெரிந்த கருத்துகளை மாணவர் எழுதிச் சங்க மலரில் சேர்க்கலாம். பெரும்பான்மையோர் விரும்பும் தென்னிந்தியப் படத்தையும் இங்கு விலக்க வேண்டியதில்லை. அதனைக் காட்டி, அதன் பாட்டு எவ்விடத்தில் ஏன் வருகின்றது, கதாநாயகன் எவ்வகை மனிதனாகக் காட்டப்படுகின்றான், அவன் பேசும் வசனம் எந்த மேடை மரபிலிருந்து வந்தது என்று வினவுதல் பயனுடையது. கூத்தை இகழாது ஆராய்ந்தமையால் பயன் பெற்ற நாம், மக்கள் திரளாகச் சென்று காணும் படத்தை மட்டும் இகழ்ந்தொதுக்குதல் முறையாகாது.

அயலாரும் அவையோரும்

இறுதியாக ஒன்று கூற விரும்புகின்றோம். பேராதனைத் தமிழ் அரங்கின் புகழ் மட்டக்களப்புக் களரியிலிருந்து வந்தது. கண்டியைச் சூழ்ந்த மலைத்தோட்டங்களிலோ, லயன் வீடுகளில் வாழும் தமிழ்த் தொழிலாளர், மாசி மாதத்தில் கம்பம் நட்டுத் தப்பொலி முழங்கக் காமன் கூத்தை ஆடிக் காமதகனத்தோடு நிறைவு செய்கின்றனர். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கர் கூத்தும் அங்கு வழங்குகின்றன. இரதியும் மதனும் வேடம் பூண்டு லயன்தோறும் வலம்வரும் அக்கூத்தில், ஊரே அரங்காகவும் அவையாகவும் அமைகின்றது. வளாகம் மேடையில் இழந்த ஒன்று அதன் அயலிலேயே உயிரோடிருக்கின்றது.

ஆகவே பொது நிகழ்ச்சி என்னும்போது அப்பொதுவினுள் யார் அடங்குவர் என்ற வினாவைச் சங்கங்கள் ஆண்டுதோறும் எழுப்புதல் வேண்டும். தோட்டத்துக் கலைஞரை விருந்தினராக அழைத்து ஆடவைத்து அனுப்புவது மட்டும் போதாது. செல்லையா அண்ணாவியாரைப் போல் அவரை ஆசிரியராக ஏற்பதும், மாணவர் மாசி இரவுகளில் தோட்டங்களுக்குச் சென்று அமர்ந்து காண்பதும், பாடலையும் ஆட்டத்தையும் பதிந்து அம்மக்களிடமே அப்பதிவைக் கையளிப்பதும் செய்யத்தக்கன. படக்காட்சியையும் அவ்வாறே ஒரு வெள்ளைத் துணியோடு தோட்டத்து மைதானத்துக்குக் கொண்டு செல்லலாம். வித்தியானந்தன் காட்டிய வழி கிராமத்திலிருந்து வளாகத்துக்கும், வளாகத்திலிருந்து கிராமத்துக்குமாக இருதிசையிலும் செல்வது. அவ்வழியில் அந்தனை மலைச்சாரலின் தோட்டங்களுக்கு உள்ள தொலைவு மட்டக்களப்புக்கு உள்ள தொலைவினும் மிகக் குறைவு என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.