ஆமணக்கும் ஆவியழுத்தமும்

நீரில் நனைத்த துணியைக் கொடியில் இட்டால் சிறிது நேரத்தில் உலர்ந்துவிடுகிறது. விளக்கெண்ணெய் தோய்ந்த துணியோ நாள் பல கழிந்தும் பிசுக்கு நீங்காமல் இருக்கிறது. இரண்டும் நீர்மப் பொருள்களே. ஒன்று விரைந்து ஆவியாகவும் மற்றொன்று அங்ஙனம் ஆகாதிருக்கவும் காரணம் யாது?

நீர்மத்தின் மூலக்கூறுகள் ஓயாது அசைந்துகொண்டிருப்பவை. அவற்றுள் விரைவு மிக்கவை மேற்பரப்பை விட்டு வெளியேறும். மூடிய கலத்தில், அவ்வாறு வெளியேறியவற்றுள் சில மீண்டும் நீர்மத்தை வந்தடையும். வெளியேறுவனவும் திரும்புவனவும் தொகையில் ஒத்து நிற்கும்போது, ஆவியானது கலத்தின் சுவர்மீது செலுத்தும் அழுத்தமே ஆவியழுத்தம் எனப்படும். வெப்பம் மிகுந்தோறும் அதுவும் மிகும்.

நீரின் ஆவியழுத்தத்தை அளத்தல் எளிது. பாரமானிக் குழாயில் பாதரசத்திற்கு மேலுள்ள வெற்றிடத்தில் சிறிது நீரைச் செலுத்தினால், அந்நீரின் ஆவி பாதரசத்தைக் கீழே தள்ளும். பாதரசம் தாழ்ந்த அளவே ஆவியழுத்தத்தைக் காட்டும். ஆங்கில நாட்டு அறிஞர் ஜான் டால்ட்டன் இம்முறையைக் கையாண்டு, தாம் கண்டவற்றை 1802-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நீரின் ஆவியழுத்தம் 25 பாகை சென்டிகிரேடில் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். 100 பாகையில் 760 மில்லிமீட்டர்.

எல்லாப் பொருள்களுக்கும் இம்முறை பயன்படுமா? ஆமணக்கிலிருந்து பெறும் பொருள் ஒன்றைக் கொண்டு இதனை ஆராயலாம். விளக்கெண்ணெயைக் காரத்துடன் கூட்டி மிகு வெப்பத்தில் காய்ச்சினால் செபாசிக் அமிலம் கிடைக்கிறது. அவ்வமிலத்தை ஒருவகை ஆல்கஹாலுடன் சேர்த்து, டையாக்டைல் செபாகேட் என்னும் எண்ணெய் போன்ற நீர்மத்தை ஆக்குகின்றனர். மின்கம்பிகளின் மேலுறையாகிய பிளாஸ்டிக்கு, கடுங்குளிரிலும் விறைக்காமல் வளைந்து கொடுக்கும்பொருட்டு இதனை அதனுடன் கலப்பதுண்டு. இந்நீர்மம் நாளடைவில் ஆவியாகிப் போய்விட்டால் உறை விறைத்து வெடிக்கும். உள்ளிருக்கும் கம்பி வெளிப்படும். அதனைத் தொட்டவர் உயிருக்கே தீங்கு நேரலாம். ஆகவே, இதன் ஆவியழுத்தம் எத்துணைச் சிறிது என்பதை முன்னரே அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

அறையின் இயல்பான வெப்பத்தில் இதன் ஆவியழுத்தம், ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூற்றினும் குறைவு. பாதரசம் இவ்வளவு சிறிது தாழ்வதைக் கண்ணால் காண இயலாது. அன்றியும், அவ்வெப்பத்தில் பாதரசத்தின் ஆவியழுத்தமே இதனைவிட ஆயிரம் மடங்கிற்கும் மிகுதி. அளக்கப்படும் பொருளினும் அளக்கும் பொருளே மிகுதியாக ஆவியைத் தருமாயின் அளவு பிழைபடாதிருக்குமோ?

இவ்விடர்ப்பாட்டை நீக்கத் துணைசெய்வது, டென்மார்க்கு நாட்டு அறிஞர் மார்ட்டின் நூட்சன் 1909-ஆம் ஆண்டில் விளக்கிய முறையாகும். நீர்மத்தை மூடியுள்ள சிறு கலத்தில் இடுவர். மூடியில் மிக நுண்ணிய துளை ஒன்று இருக்கும். கலத்தை எடையிட்டு, வெற்றிடத்தில் வைத்து, மாறாத வெப்பத்தில் நிறுத்துவர். துளையை அடையும் மூலக்கூறுகள் வெளியேறிவிடும். குறித்த நேரம் கழிந்தபின் கலத்தை மீண்டும் எடையிடுவர். குறைந்த எடை, துளையின் பரப்பு, கழிந்த நேரம், வெப்பநிலை, மூலக்கூற்றெடை ஆகிய ஐந்தும் தெரிந்தால் ஆவியழுத்தத்தைக் கணக்கிட்டுவிடலாம்.

டையாக்டைல் செபாகேட்டின் மூலக்கூற்றெடை ஏறத்தாழ 427. துளையின் பரப்பு ஒரு சதுர மில்லிமீட்டர் என்றும், 100 பாகை வெப்பத்தில் ஆவியழுத்தம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்றும் கொண்டால், ஒரு மணி நேரத்தில் வெளியேறும் எடை 2 மில்லிகிராமுக்குச் சற்று மிகும். நுண்ணிய தராசு இதனைத் தெளிவாகக் காட்டும். அறை வெப்பத்திலோ எடைக்குறைவு மிகமிகச் சிறிது. ஆதலால், உயர்ந்த வெப்பநிலைகள் சிலவற்றில் அளந்து, அழுத்தத்தின் மடக்கையையும் தனிவெப்பநிலையின் தலைகீழ் எண்ணையும் கொண்டு வரைபடம் வரைவர். புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் அமையும். அக்கோட்டை நீட்டி, அறை வெப்பத்திற்குரிய அளவைக் கண்டறிவர்.

எனினும், எடை குறைந்தது என்று அறிந்தால் மட்டும் போதாது. குறைந்தது எது என்றும் அறிதல் வேண்டும். நீர்மத்தில் ஈரமோ, ஆக்கும்போது எஞ்சிய ஆல்கஹாலோ சிறிதளவு கலந்திருப்பினும், அவையே முதலில் ஆவியாகும். அவ்வெடையைச் செபாகேட்டின் எடை என்று கொண்டால், நல்ல பொருளும் தீயதாகத் தோன்றும். வெப்பத்தை அளவிறந்து ஏற்றினாலோ நீர்மமே சிதையும். சிதைவில் தோன்றும் ஆவியும் கணக்கைக் கெடுக்கும். ஆதலால், முதலில் நீர்மத்தை வெற்றிடத்தில் மெல்லச் சூடாக்கி மாசினை அகற்றுவர். பின்னர், எடைக்குறைவு ஒவ்வொரு முறையும் ஒத்து வரும்வரை திரும்பத் திரும்ப எடையிடுவர்.

கொல்லைப்புறத்து ஆமணக்கின் வித்து, மின்கம்பியின் உறைக்குள் புகுந்து மனித உயிரைக் காக்கிறது. அக்காவல் எத்துணைக் காலம் நிலைக்கும் என்பதை முன்னுணர்த்துவது, கண்ணுக்குப் புலனாகாத ஆவியைப் பொறுமையோடு எடையிட்டுக் கண்ட அளவேயாகும்.