ஒளிச்சேர்க்கையும் ஒரு புளியமரமும்

உயிர்கள் அனைத்திற்கும் உணவு சமைக்கும் அடுக்களை பசும் இலையே எனலாம். காற்றிலுள்ள கரியமில வாயுவையும் வேர் உறிஞ்சிய நீரையும் கொண்டு, கதிரவன் ஒளியின் துணையால் இலை மாவுப்பொருளை ஆக்குகிறது, ஆக்ஸிஜன் வெளியேறுகிறது. இதுவே ஒளிச்சேர்க்கை. ஆனால் இது எந்நேரமும் ஒரே வேகத்தில் நடைபெறுவதில்லை. அதன் காரணத்தை எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்டதைக் கொண்டே கூற விழைகிறேன்.

பீக்கரில் குளத்து நீரை நிரப்பி, ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியைப் புனலால் மூடி, அதன்மேல் நீர் நிறைந்த சோதனைக் குழாயைக் கவிழ்த்தோம். அருகில் விளக்கை வைத்ததும் குமிழிகள் விரைந்து எழுந்தன. விளக்கை இருமடங்கு தொலைவுக்கு நகர்த்தினால் ஒளிச்செறிவு நான்கில் ஒன்றாகும், குமிழிகளும் தளர்ந்தன. மீண்டும் விளக்கை அருகில் வைத்துச் சிறிது சோடியம் பைகார்பனேட்டைக் கரைத்தோம். கரியமில வாயு கூடியதால் குமிழிகள் பெருகின. ஆனால் விளக்கு தொலைவில் இருக்கையில் அதே உப்பைக் கரைத்தும் பயன் ஏதுமில்லை!

இதன் உண்மையை 1905-ல் பிளாக்மன் என்னும் ஆங்கிலேய அறிஞர் விதியாக வகுத்தார். தேவையான காரணிகளுள் எது மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே வேகத்தைக் கட்டுப்படுத்தும். மற்றவற்றைக் கூட்டுவது வீண்.

வெப்பமும் ஒரு காரணி. பெரும்பாலான பயிர்களுக்கு 25 முதல் 35 டிகிரி செல்சியஸ் உகந்தது. அதற்கு மிக மேலே சென்றால் நொதிகள் செயலிழக்கும். நீர் குறைந்தால் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். காற்றில் 0.04 சதவீத அளவே உள்ள கரியமில வாயு உட்புக வழியின்றிப் போகும்.

இவ்விதியைப் படித்தபோது எங்கள் வயல்தான் நினைவுக்கு வந்தது. மேற்கு வரப்பில் ஒரு புளியமரம். அதன் நிழல் விழும் மூலையில் நெல் ஆண்டுதோறும் பதராகும். என் தந்தையார் கடன் வாங்கியாவது அம்மூலைக்குக் கூடுதலாக யூரியா இடுவார். பயிர் கரும்பச்சையாய் உயர்ந்து சாயும், மணி பிடிக்காது. மரத்தின் வேர் நீரில் பங்கு கேட்டது உண்மையே. எனினும் பெருங்குறை உரமன்று, ஒளியே!

பொங்கல் விடுமுறையில் அவரிடம் விளக்கினேன். "நிழல்ல நெல்லு தேறாதுன்னு எனக்கும் தெரியும் தம்பி. உரத்தைப் போட்டா ஈடுகட்டும்னு நெனச்சேன்" என்றார். அந்த நினைப்பைத்தான் எங்கள் பீக்கர் பொய்யாக்கியது. இவ்வாண்டு அம்மூலைக்கு யூரியா இல்லை. தாழ்ந்த கிளைகளைக் கழித்து, குறைந்த ஒளியிலும் வளரும் சேம்பு நட்டிருக்கிறோம்.

வகுப்பறையில் கற்றது வயல்வரை சென்றால் அன்றோ அது கல்வி!