'முடியாது' என்ற பொத்தான்

2021 ஜனவரியில் வாட்ஸ்அப்பைத் திறந்தவர்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது நினைவிருக்கும். புதிய தனியுரிமைக் கொள்கையைப் பிப்ரவரி 8-க்குள் ஏற்க வேண்டும். 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பொத்தான், 'இப்போது வேண்டாம்' என்று இன்னொன்று. 'முடியாது' என்று சொல்லத்தான் பொத்தானே இல்லை.

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவை அந்த வாரமே சிக்னல் செயலிக்கு மாற்றினோம். பத்து நாள்கூடத் தாங்கவில்லை. பால்காரர், டியூஷன் டீச்சர், ஊரில் இருக்கும் அத்தை எல்லாரும் வாட்ஸ்அப்பில்தான். ஒவ்வொருவராகத் திரும்பினோம். சந்தை ஆதிக்கம் என்று சட்டம் சொல்வது இதைத்தான்.

ஆனால் போனது வீண்போகவில்லை. லட்சக்கணக்கானோர் சிக்னலுக்கும் டெலிகிராமுக்கும் நகர்ந்ததும், எந்த நீதிமன்றமும் உத்தரவிடும் முன்பே, கெடு மே 15-க்குத் தள்ளிப்போனது. மார்ச்சில் இந்தியப் போட்டி ஆணையம் தானாக முன்வந்து விசாரணைக்கு உத்தரவிட்டது. அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போன வாட்ஸ்அப் நிறுவனத்துக்கு ஒற்றை நீதிபதியிடமும் அமர்விலும் தோல்வி. 2016-இன் கொள்கை மாற்றத்தில், தரவைப் பகிர்வதிலிருந்து விலகிக்கொள்ளப் பழைய பயனர்களுக்கு வழி இருந்தது. 2021-இல் அது இல்லை. ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் போ என்பது ஒப்புதலே அல்ல என்பதுதான் ஆணையத்தின் பார்வை. 2024 நவம்பரில் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. விளம்பரத்துக்காக வாட்ஸ்அப் தரவை மெட்டாவின் மற்ற நிறுவனங்களுடன் பகிர ஐந்தாண்டுத் தடையும் வந்தது. 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது, தடையை ரத்துசெய்தது.

இடையில் 2023 பிப்ரவரியில், வேறொரு வழக்கில், கொள்கையை ஏற்காதவர்களுக்கும் சேவை குறையாது என்று வாட்ஸ்அப் தந்த உறுதிமொழியை ஐந்து நாளிதழ்களில் விளம்பரமாக வெளியிடச் சொன்னது உச்ச நீதிமன்றம். நான் கேட்டவரையில் அதைப் படித்ததாக ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அபராதப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும். நமக்குப் பைசா வராது. 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் இதே கதைதான்: அபராதம் 250 கோடி வரை போகலாம், ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க இருந்த 43ஏ பிரிவை இது நீக்குகிறது. போதாக்குறைக்குப் பொய்ப் புகார் தந்தால் நமக்கும் 10,000 ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதம் கழித்துத்தான் அமலாகும். அதன்பின் நம் தரவைக் காட்டச் சொல்லலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத வேண்டும், அங்கே தீராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் போகலாம்.

கூட்டாகப் போக வேறு வாசல்கள் உண்டு. போட்டி ஆணையத்துக்குத் தனியாளும் எழுதலாம், நுகர்வோர் சங்கமும் எழுதலாம். காசு கொடுத்த சேவை என்றால், ஒரே குறையுள்ள பலர் சார்பில் சிலர் மட்டும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடர 2019 சட்டத்தின் 35ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதற்கு அந்த மாவட்ட ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும்.

எங்கள் குடியிருப்பு வாசலில் வருவோர் பெயரையும் எண்ணையும் வாங்கிக்கொள்ளும் செயலிக்குக் குடியிருப்போர் சங்கம்தான் சந்தா கட்டுகிறது. அந்தப் பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறீர்கள் என்று செயலி நிறுவனத்துக்கு நான் தனியாக எழுதிய இரண்டு மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை. சந்தா புதுப்பிக்கும் மாதத்தில் செயலாளர் அதே கேள்வியைச் சங்கத்தின் தாளில் எழுதினார். மறுநாள் காலை ஃபோன் வந்தது.