கண்ணின் அழுத்தமும் நோன்பின் ஐயமும்

அல்லாஹ் நமக்கு அருளிய நிஃமத்துக்களில் பார்வை தலையாயது. அதை ஓசையின்றிப் பறித்துச் செல்லும் நோய் ஒன்றுண்டு. அதுவே குளுக்கோமா.

கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாது ஊறி வடிகிறது. அது சரியாக வடியாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு பழுதாகும். பெரும்பாலோருக்கு வலி இராது. முதலில் ஓரப் பார்வை குறையும். கண்ணில் பூ விழுந்தால் அறுவைச் சிகிச்சையால் பார்வை மீளும். இதில் போனது போனதுதான். எஞ்சியதையே காக்கலாம்.

தொடாமல் அளக்கும் கருவி

"கண்ணில் கருவி வைப்பார்களாமே" என்று அஞ்ச வேண்டாம். 1972ல் அமெரிக்கரான பெர்னார்ட் குரோல்மன் ஒரு புதிய முறையை விளக்கினார். கருவி 'புஸ்' என்று சிறிது காற்றை ஊதும். கண்ணின் முன்படலம் ஒரு கணம் தட்டையாகும். அப்போது அதில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கருவி உணர்ந்து, அழுத்தத்தைக் கணக்கிடும். மரக்கும் மருந்து தேவையில்லை. முக்காட்டை அகற்றவும் வேண்டியதில்லை.

பொதுவாக 10 முதல் 21 வரை இயல்பான அளவு. முன்படலம் தடித்திருந்தால் அளவு கூடிக் காட்டும். அளவு சரியாக இருந்தும் நோய் வருவதுண்டு. ஆகவே வைத்தியர் நரம்பையும் பார்த்தே முடிவு சொல்வார்.

யார் பார்க்க வேண்டும்?

நாற்பது வயதைக் கடந்தோர், நீரிழிவு உள்ளோர், உம்மா வாப்பாவுக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தோர். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் தோட்டங்களில் வாழ்வோர், "கண்டிக்குப் போகப் பஸ்ஸில் ஒரு நாள் போய்விடுமே" என்று தள்ளிப்போடுகிறார்கள். கண்டி தேசிய வைத்தியசாலையில் கண் பிரிவு உண்டு. ஒரு நாள் பயணம், ஆயுள் முழுக்க இருளைவிடப் பெரிதல்ல.

நோன்பில் சொட்டு மருந்து

ரமழானில் சிலர் பகல் சொட்டு மருந்தை நிறுத்தி விடுகின்றனர். இது பேராபத்து. நமது ஷாபிஈ மத்ஹபில் கண் திறந்த துவாரமாகக் கொள்ளப்படுவதில்லை. எனவே கண்ணில் மருந்து இடுவதால், அதன் சுவை தொண்டையில் தெரிந்தாலும், நோன்பு முறியாது. மருந்திட்டபின் கண்ணை மூடி, மூக்கோரத்தை விரலால் ஓரிரு நிமிடம் அழுத்தினால் மருந்து தொண்டைக்கு இறங்குவதும் குறையும். காற்றூதும் சோதனையையும் நோன்போடு செய்யலாம்.

நோயைத் தந்தவன் நிவாரணத்தையும் தந்திருக்கிறான். அதைத் தேடுவதும் தவக்குலின் ஒரு பகுதியே. வல்ல நாயன் நம் அனைவரின் பார்வையையும் பாதுகாப்பானாக, ஆமீன்.