பழைய துணியில் ஏறும் புதுச் சாயம்

வெளுத்துப்போன பருத்திப் புடவையை மீண்டும் சாயத்தில் தோய்த்துக் கட்டுவது சிக்கனக்காரர்களின் சில்லறை வேலையாகவே இன்று கருதப்படுகிறதெனினும், அவ்வேலைக்கு அடிப்படையான நுட்பங்கள் ஒருகாலத்தில் சோழமண்டலக் கரையின் பெருந்தொழிலாக விளங்கியவை. காரைக்கால் பகுதியில் 1739 முதல் பிரெஞ்சுக்காரரும், அதற்கு வடக்கே தரங்கம்பாடியில் 1620 முதல் டேனியரும், தெற்கே நாகப்பட்டினத்தில் 1658 முதல் டச்சுக்காரரும் காலூன்றி நடத்திய கடல் வணிகத்தில், துவைத்தாலும் நிறம் போகாத பருத்தித் துணி முதன்மையான சரக்குகளுள் ஒன்றாக இருந்தது.

நிறம் போகாமைக்குக் காரணம் சாயம் மட்டுமன்று. சிவப்பைத் தருகிற சாயவேர், அதாவது இம்பூறல் செடியின் வேர், பருத்தி இழையைத் தானாகப் பற்றிக்கொள்ளாது. இழைக்கும் சாயத்துக்கும் நடுவே நின்று இரண்டையும் பிணைக்கும் நிறமூன்றி என்ற பொருள் அதற்குத் தேவைப்படுவதால், துணியை முதலில் கடுக்காய் கலந்த எருமைப்பாலில் ஊறவைத்து, பின்னர் படிகாரக் கரைசலை ஏற்றி, அதன் பின்னரே சாயவேருடன் கொதிக்க வைத்தனர். 1734 அளவில் புதுச்சேரியில் இவ்வேலையை நேரில் கவனித்த பொலியே என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, ஒவ்வொரு கட்டத்திலும் அதே துணியிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்துத் தம் குறிப்புடன் சேர்த்துவைத்தார் என்பது, ஐரோப்பா இந்த நுட்பத்தை அறிந்துகொள்ள எவ்வளவு துடித்தது என்பதற்கு நல்ல சான்று.

அவுரியிலிருந்து கிடைக்கும் நீலத்தின் வழி வேறு. நீலம் நீரில் கரையாது. ஆதலால் தென்னிந்தியச் சாயக்காரர்கள் சுண்ணாம்புத் தெளிவும் உவர்மண் நீரும் கலந்த தாழியில் தகரை விதையை வேகவைத்துச் சேர்த்துப் புளிக்கச் செய்தனர். புளிப்பில் பெருகும் நுண்ணுயிர்கள் நீலத்தைக் கரையக்கூடிய மஞ்சள் கலந்த வடிவத்துக்கு மாற்றிவிட, அதில் முக்கியெடுத்த துணி வெளியே வரும்போது பசுமஞ்சளாகவும், காற்றுப் பட்ட சில நிமிடங்களில் கண்ணெதிரே பச்சையாகி முடிவில் நீலமாகவும் மாறுகிறது. ஒருமுறை முக்கினால் வெளிர்நீலம், பலமுறை முக்கினால் கருநீலம் என்ற இந்த ஏற்பாட்டில் நிறமூன்றிக்கு வேலையில்லை என்பதால், பழந்துணிக்கு மறுசாயம் ஏற்ற இதைவிட இசைவான சாயம் வேறில்லை எனலாம். பிரெஞ்சு வணிகர்கள் புதுச்சேரியிலிருந்து செனகலுக்கு அனுப்பி, அங்கே பிசினுக்கு மாற்றாகக் கொடுத்த ‘கினே’ என்னும் நீலத்துணியும் இத்தகைய நீலத்தில் தோய்ந்ததே.

மறுசாயம் பழைய நிறத்தை மீட்டுத் தருவதில்லை என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்வது ஏமாற்றத்தைக் குறைக்கும். அடியில் எஞ்சியிருக்கும் நிறம் மேலேறும் நிறத்துடன் கலந்தே தீரும். மஞ்சள் புடவை நீலத்தில் பச்சையாகும், சிவப்பு ஊதாவாகும், கறுப்போ எதிலும் கறுப்பாகவே நிற்கும். எண்ணெய்க் கறை பட்ட இடம் சாயத்தைத் தள்ளும். வெளுப்புத்தூள் பட்ட இடம் பிறவற்றைவிட வெளிறித் தெரியும். பருத்தி ரவிக்கையைத் தைத்த நூல் பாலியெஸ்டராக இருந்தால், துணி முழுவதும் கருநீலமான பிறகும் தையல் மட்டும் பழைய நிறத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். இதைக் குறையென்று ஒதுக்குவோர் உண்டு; ஆனால் துணியின் வயதை ஒளிக்காத அந்தத் தையல்வரிசைக்கும் ஓர் அழகு இருப்பதை மறுப்பதற்கில்லை.

இன்று பருத்திக்குப் பெரிதும் பயன்படுவது, 1956-இல் பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் அறிமுகப்படுத்திய வினைபுரி சாய வகை. இது இழையின் மேல் படிந்து நிற்காமல் அதனுடன் வேதிவினை புரிந்து இணைவது. உப்பு சாயத்தை இழையை நோக்கித் தள்ள, சலவை சோடா அந்த இணைப்பை நிகழ்த்துகிறது. பட்டுக்கு அமிலச் சாயமும் மிதமான சூடும் வேண்டும். மடிப்பில் இழை நைந்த பட்டும், கறுத்துவிடக்கூடிய சரிகையும் உள்ள புடவையை அனுபவமுள்ள சாயக்காரரிடம் ஒப்படைப்பதே முறை. பாலியெஸ்டர் உயர்ந்த வெப்பம் கேட்பது என்பதால் வீட்டு முயற்சிக்கு ஏற்றதன்று.

எஞ்சிய சாயநீரை என்ன செய்வது என்பதுதான் காரைக்கால் போன்ற டெல்டாக் கடைமடையில் பெரிய கேள்வி. நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்காகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டபோது, நிறத்தைவிட அந்தக் கழிவில் மிகுந்திருந்த உப்பே தீர்க்கக் கடினமான சிக்கலாக இருந்தது. கடல்நீர் உட்புகும் அச்சத்திலேயே வாழும் கரையோர நிலத்துக்கு, வீட்டு அளவிலான உப்புநீரும் நல்லதன்று. ஆகவே மறுசாயம் போட விரும்புவோர், ஒரே நிறம் வேண்டிய துணிகளைச் சேர்த்து ஒரே முறையில் தோய்த்து முடிப்பதும், மீந்த நீரை வாய்க்காலிலோ குளத்திலோ தோட்டத்து மண்ணிலோ கொட்டாதிருப்பதும் அவசியம்.