கட்டைக்கூத்தின் பல்லூடகப் பதிவு

கட்டைக்கூத்தின் பல்லூடகப் பதிவு என்பது, வட தமிழ்நாட்டில் இரவு முழுவதும் நிகழ்த்தப்படும் கட்டைக்கூத்தை ஒலி, நிகழ்படம், எழுத்து ஆகிய வடிவங்களில் ஒருங்கே பதிந்து, பயிற்சிக்கும் ஆய்வுக்கும் பயன்படும்படி தொகுப்பதாகும். கூத்து எழுதிவைத்த நாடகப்படியை மட்டும் நம்பி இயங்கும் கலையன்று. ஆசானிடமிருந்து மாணவருக்குக் கேட்டும் பார்த்தும் உடன் ஆடியும் கைமாறுவது. எனவே, படம்பிடிப்பதோடு இப்பணி முடிவதில்லை. எதைப் பதிவது, குறிப்புகளை யார் எழுதுவது, பதிவு யாருக்கு உரியது என்பனவும் இதில் அடங்கும். ஆகையால் கூத்துக் கலைஞர்களும் தொழில்நுட்பம் அறிந்தோரும் சேர்ந்து கற்கும் பயிலரங்கு இதற்குத் தேவைப்படுகிறது.

கலை வடிவம்

கட்டைக்கூத்து காஞ்சிபுரம், திருவண்ணாமலை முதலிய வட மாவட்டங்களில் வழங்குகிறது. தெருக்கூத்து என்ற பெயரும் இதற்கு உண்டு. முதன்மை வேடதாரிகள் அணியும் மரத்தாலான கிரீடம், தோள் அணி, மார்பு அணி ஆகியவை 'கட்டை' எனப்படுகின்றன. மிருதங்கம், டோலக், முகவீணை, ஆர்மோனியம், தாளம் ஆகியவை இசைக்கருவிகள். வேடதாரி திரைக்குப் பின் நின்று பாடித் தம்மை அறிமுகப்படுத்திக் கொள்வார். பின்பாட்டுக்காரர்கள் அவர் பாடும் அடிகளை வாங்கிப் பாடுவர். கட்டியங்காரன் கதையை நடத்துவதோடு நகைச்சுவையும் செய்வார். இரவு 10 மணியளவில் தொடங்கும் கூத்து விடியும் வரை, ஏறத்தாழ 8 மணி நேரம் நடைபெறும்.

கூத்துக்குத் தொழில்நுட்பம் புதிதன்று. தீவட்டியும் எண்ணெய் விளக்கும் இருந்த இடத்தில் பெட்ரோமாக்சு விளக்கும், பின்னர் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் வந்தன. ஒலிவாங்கிகளை மேலே தொங்கவிட்டபின், நடிகர் பாடும்போது எங்கு நிற்பது என்பதையும் அவை முடிவு செய்யலாயின.

கூத்துப் பருவமும் கோடை விடுமுறையும்

திரௌபதி அம்மன் கோயில்களின் பாரத விழாக்கள் கோடைக்காலத்தில் மிகுதியாக நடைபெறுகின்றன. பகலில் பிரசங்கியார் பாரதக் கதை சொல்வார். இரவில் கூத்துக் குழுவினர் அதே கதைப்பகுதியை ஆடுவர். இறுதியில் களிமண்ணால் அமைத்த பெரிய துரியோதனன் உருவத்தின் மீது படுகளமும், அதனைத் தொடர்ந்து தீமிதியும் நிகழும்.

மாணவர்களுக்கு விடுமுறை கிடைக்கும் அதே மாதங்களில்தான் கூத்துக் கலைஞர்களுக்கு வேலையும் வருமானமும் மிகுதி. கோடைப் பயிலரங்கு ஒன்றை நகர அரங்கில் நடத்தினால் கலைஞர்கள் வர இயலாது. வந்தால் அந்த இரவின் வருமானத்தை இழப்பர். விழா நடக்கும் ஊருக்குப் பயிலரங்கே செல்வது இதற்குரிய தீர்வாகும். அங்கு இரவில் பதிவு செய்து, கலைஞர்கள் உறங்கி எழுந்த பின் பிற்பகலில் அவர்களுடன் அமர்ந்து அதனைப் பார்க்க முடியும்.

குருகுலப் பயிற்சி

கட்டைக்கூத்துச் சங்கம் 1990இல் நிறுவப்பட்டது. கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும் நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஹன்னே தெ புருயினும் இதன் வளர்ச்சியில் முதன்மையானவர்கள். சங்கம் 2002இல் கட்டைக்கூத்துக் குருகுலத்தைத் தொடங்கிக் காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் நடத்திவந்தது. ராஜகோபால் சிறு வயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். கலையா, படிப்பா என்று ஒரு சிறுவன் தேர்ந்தெடுக்க நேரும் அந்நிலையை மாற்றுவதே குருகுலத்தின் நோக்கம். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிக் கல்வியையும் கூத்தையும் சேர்த்துக் கற்றனர். ஆண்களே பெண் வேடமும் தாங்கிவந்த இக்கலையில் பெண் பிள்ளைகளும் அங்குப் பயிற்சி பெற்றது குறிப்பிடத்தக்கது. குருகுலம் 2020இல் மூடப்பட்டது.

பல ஆண்டுகள் உடன் தங்கிக் கற்ற முறைக்குச் சில வாரப் பயிலரங்கு ஈடாகாது. எனினும், ஆசானை நாள்தோறும் காண இயலாத மாணவருக்கு நல்ல பதிவு ஒரு துணையாகும். அது எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பின்வரும் கூறுகள் விளக்குகின்றன.

தொழில்நுட்பக் கூறுகள்

ஒலி: ஒலிபெருக்கியிலிருந்து வரும் கலவையை மட்டும் பதிந்தால், முகவீணையின் உரத்த ஒலியில் பாடற்சொற்கள் மறைந்துவிடக்கூடும். மாணவர் ஒரு கருவியை மட்டும் பிரித்துக் கேட்க, ஒவ்வொன்றுக்கும் தனித்தடம் வேண்டும். நொடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரிக்கு 24 பிட்டு என்ற அளவில் ஒரு தடம் 8 மணி நேரத்தில் ஏறத்தாழ 4.1 கிகாபைட்டு இடம் பிடிக்கும். 6 தடங்களுக்கு 25 கிகாபைட்டு தேவை. நடிகரின் மார்பில் பொருத்தும் சிறிய ஒலிவாங்கியில் கட்டை அணிகள் உரசும் ஓசையும் பதிவாகும். அர்ச்சுனன் தபசு கூத்தில் நடிகர் உயர்ந்த தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறுவார். அவருக்குக் கம்பியில்லா ஒலிவாங்கி தேவை. இத்தகைய இடங்களை முன்கூட்டியே சொல்லக்கூடியவர் கூத்தறிந்தவரே.

நேர ஒத்திசைவு: ஒலிப்பதிவுக் கருவியின் கடிகாரமும் நிகழ்படக்கருவியின் கடிகாரமும் முற்றிலும் ஒத்து ஓடுவதில்லை. பத்து இலட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருந்தாலும், 8 மணி நேர முடிவில் அது 0.58 நொடியாக வளரும். நொடிக்கு 25 சட்டங்கள் கொண்ட நிகழ்படத்தில் இது 14 சட்டங்களுக்குச் சமம். அடவையும் தாளத்தையும் சேர்த்துக் கற்க அப்பதிவு உதவாது. இரு கருவிகளுக்கும் பொதுவான நேரக்குறி அளிப்பதோ, மணிக்கொரு முறை கைதட்டி அடையாளமிடுவதோ இதனைச் சரிசெய்யும்.

நிகழ்படம்: நடிகர் விரைந்து சுழன்றாடும்போது, குறைந்த ஒளியில் காலடிகள் மங்கிப் பதியும். சட்ட எண்ணிக்கையை 50 ஆக்கினால் அசைவு தெளிவாகும். ஆனால் ஒவ்வொரு சட்டத்திற்கும் கிடைக்கும் ஒளி நேரம் குறையும். ஒரு கருவி ஆடுகளம் முழுவதையும் அசையாமல் காட்ட, மற்றொன்று கால்களையோ முகத்தையோ பின்தொடர்வது பயிற்சிக்கு ஏற்றது.

விவரக்குறிப்பு: நேரக்குறியுடன் இராகம், தாளம், பாத்திரம், கதைக்கட்டம் ஆகியவற்றை எழுதுவதே கடினமான பணி. குறிப்பில்லாத 8 மணி நேரக் கோப்பில் ஒரு பாடலைத் தேடுவது அரிது. எது பாடம், எது அந்த இரவில் கட்டியங்காரன் சேர்த்த நகைச்சுவை என்பதைக் கலைஞரால் மட்டுமே பிரித்துச் சொல்ல இயலும்.

முன்னோடி முயற்சிகள்

கலைஞரையும் பொறியாளரையும் இணைத்துப் பணியாற்றச் செய்த முயற்சிகளில், 1966 அக்டோபரில் நியூயார்க்கில் நடந்த 'ஒன்பது மாலைகள்: அரங்கும் பொறியியலும்' புகழ்பெற்றது. பெல் ஆய்வகப் பொறியாளர் பில்லி குளூவரும் ஓவியர் ராபர்ட் ராசன்பர்கும் அதனை முன்னெடுத்தனர். 10 கலைஞர்களும் ஏறத்தாழ 30 பொறியாளர்களும் பங்கேற்றனர். இந்தியாவில், 1992இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட ஆட்டக்களரி அமைப்பு, 'நாகரிகா' என்ற திட்டத்தின் மூலம் பரதநாட்டியம் முதலிய உடல்மொழி மரபுகளைப் பல்லூடகத் தொகுப்பாக ஆவணப்படுத்தியுள்ளது.

உரிமையும் விமர்சனமும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநர் உரிமையைச் சேர்த்தது. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை விரிவாக்கியது. எனவே, கூத்துக் கலைஞரின் ஒப்புதலைப் பெறுவது சட்டத் தேவையுமாகும். எதை இணையத்தில் வெளியிடலாம், எதைப் பயிற்சிக்கு மட்டும் வைக்கலாம் என்பது பதிவுக்கு முன்பே பேசி முடிக்கப்பட வேண்டும்.

பதிவு கலையை உறையச் செய்யும் என்ற விமர்சனமும் உண்டு. ஓர் இரவின் ஆட்டமே 'சரியான பாடம்' என மாணவர் கொண்டால், ஊருக்கும் அவைக்கும் ஏற்பப் பாட்டை நீட்டவும் சுருக்கவும் தெரிந்த கூத்தனின் திறன் வளராது. ஒரே கதையை இரண்டு ஊர்களில், இரண்டு குழுக்கள் ஆடப் பதிந்து ஒப்பிட்டுக் காட்டுவது இக்குறையைத் தணிக்கும்.

தொழிற்பட்டையின் சூழல்

குருகுலம் இயங்கிய அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையும் உள்ளது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. திருப்பெரும்புதூர் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கி 2014இல் மூடப்பட்டது. மாத ஊதியம் தரும் ஆலை வேலை, பருவத்தை நம்பிய கூத்துத் தொழிலுக்கு மாற்றாக இளைஞர் முன் நிற்கிறது. இரவுப்பணிக்குச் செல்பவர் விடிய விடியக் கூத்துப் பார்க்கவும் இயலாது. மறுபுறம், உணரிகளையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் கையாளப் பழகிய இளைஞர்கள் இப்பகுதியில் உள்ளனர். ஒலித்தடங்களைப் பிரிக்கவும் கடிகாரங்களை ஒத்திசைக்கவும் தேவையான அடிப்படை அறிவு அவர்களிடம் உண்டு. கூத்தறிந்த ஆசான் உடனிருக்கும் காலத்திலேயே அந்த அறிவு பயன்பட வேண்டும். அவர் இல்லாத பதிவுக்குப் பின்னாளில் குறிப்பெழுத எவராலும் இயலாது.